டோனி ஸ்காட்: மைக்ல பேசுறவன், வேலைல நிக்கிறவன்

ஹாலிவுட் டைரக்டர் ரிட்லி ஸ்காட் பத்தி பேச்சு வந்தா கடைசில ஒரு வரி கண்டிப்பா வரும், "அவரு தம்பி கூட டைரக்டர்தான், டாப் கன் எடுத்தாரே"ன்னு. அவ்ளோதான், அடுத்த டாபிக்குக்கு போயிடுவாங்க. எனக்கு ரொம்ப நாளா இதுல ஒரு கடுப்பு இருக்கு. கிளேடியேட்டரும் ஏலியனும் எடுத்த அண்ணன் பெரிய ஆளுதான், இல்லன்னு சொல்லல, ஆனா ராத்திரி பதினோரு மணிக்கு டிவில சேனல் மாத்திட்டே போகும்போது நடுவுல எங்க வந்து மாட்டினாலும் ரிமோட்ட கீழ வச்சுட்டு முழுசா பாக்க வைக்கிற படம் யாருதுன்னு கேட்டா நான் தம்பி டோனி பேரத்தான் சொல்லுவேன். கிரிம்சன் டைட், எனிமி ஆஃப் த ஸ்டேட், மேன் ஆன் ஃபயர், அன்ஸ்டாப்பபிள், இதுல எதையாச்சும் பாதில விட்டுட்டு எழுந்து போய் தூங்கினவங்க இருந்தா கை தூக்குங்க பாப்போம்.

டோனி பொறந்தது 1944ல, இங்கிலாந்தோட வடகிழக்கு மூலைல நார்த் ஷீல்ட்ஸ்ங்கிற ஊரு. அண்ணனுக்கும் இவருக்கும் ஏறக்குறைய ஏழு வயசு வித்தியாசம். ரிட்லி லண்டன்ல ராயல் காலேஜ் ஆஃப் ஆர்ட்ல படிக்கும்போது ஒரு 16 எம்எம் கேமராவ கடன் வாங்கி முதல் குறும்படம் எடுத்தாரு, 'பாய் அண்ட் பைசிக்கிள்'னு பேரு, ஸ்கூல் கட் அடிச்சுட்டு சைக்கிள்ல சுத்துற பையன் கதை. அந்தப் பையனா நடிச்சதே டோனிதான். அப்புறம் இவரும் அதே காலேஜ்ல பெயின்டிங் படிச்சாரு, ஓவியர் ஆகணும்னுதான் ஆசை, அது இல்லன்னா பிபிசி பக்கம் போய் டாக்குமென்டரி எடுக்கலாம்னு ஒரு நெனப்பு. ரிட்லி அப்போ ஆர்எஸ்ஏன்னு ஒரு விளம்பரப் பட கம்பெனி ஆரம்பிச்சிருந்தாரு. தம்பிக்கு கார் பைத்தியம்னு தெரியும், அதனால "எங்கூட வந்துடு, ஒரு வருஷத்துல ஃபெராரி வாங்கிடலாம்"னு தூண்டில் போட்டாராம். டோனியே பேட்டில சொன்னது இது, சொன்ன மாதிரியே வாங்கியும் ஆச்சாம்.

அந்தக் காலத்துல பிரிட்டிஷ் விளம்பரத்துல இருந்து ஹாலிவுட்டுக்கு ஒரு பெரிய கூட்டமே போச்சு, ஆலன் பார்க்கர், ஏட்ரியன் லைன், ஹியூ ஹட்சன், ரிட்லின்னு. எல்லாருக்கும் கெடச்ச திட்டு ஒண்ணுதான், "பளபளன்னு எடுப்பான், உள்ள சரக்கு கெடையாது". டோனிக்கு இது கடைசி வரைக்கும் போகவே இல்ல. முதல் பெரிய படம் 'த ஹங்கர்', 1983, டேவிட் போவி, கேத்தரின் டெனூவ், சூசன் சரண்டன். வாம்பயர் கதை, ஆனா படம் முழுக்க திரைச்சீலை பறக்குது, புகை, நீல வெளிச்சம், புறா. சத்தியமா சொல்றேன், எனக்கே கொட்டாவி வந்துச்சு. போவி ஆஸ்பத்திரி வெயிட்டிங் ரூம்ல ஒக்காந்த எடத்துலயே மணிக்கணக்குல கெழவனா ஆகிட்டே போற ஒரு சீன் மட்டும் அட்டகாசம். படம் ஓடல, விமர்சகர்கள் கிழிச்சு தொங்கவிட்டாங்க, மனுஷன் திரும்ப விளம்பரம் எடுக்கவே போயிட்டாரு.

அந்த விளம்பரம்தான் திருப்பிக் கொண்டு வந்துச்சுங்கிறதுதான் இதுல தமாஷ். சாப் கம்பெனிக்கு ஒரு விளம்பரம், ஒரு பக்கம் அவங்க காரு, இன்னொரு பக்கம் அதே பேர்ல வர்ற விக்கன் போர் விமானம், ரெண்டும் ஓடுது. டான் சிம்ப்சன், ஜெர்ரி பிரக்ஹைமர்னு ரெண்டு ப்ரொட்யூசருங்க இதப் பாத்துட்டு, நம்ம கிட்ட இருக்கிற ஏரோபிளேன் படத்துக்கு இவருதான் ஆளுன்னு புடிச்சுட்டாங்க. 1986ல டாப் கன். ஒன்றரைக் கோடி டாலர் பட்ஜெட், உலகம் முழுக்க 35 கோடி டாலருக்கு மேல வசூல், அந்த வருஷம் அமெரிக்கால நம்பர் ஒன்.

அந்த ஷூட்டிங்ல நடந்த ஒரு விஷயம் ரொம்ப ஃபேமஸ். விமானம் தாங்கிக் கப்பல் மேல சூரியனப் பின்னாடி வச்சு விமானம் ஏறி எறங்குறத எடுத்துட்டு இருக்காரு, திடீர்னு கப்பல் திரும்புது, வெளிச்சம் மாறிப் போச்சு. பழையபடி திருப்புங்கன்னு கேக்குறாரு. திருப்பணும்னா 25,000 டாலர் செலவாகும்னு பதில் வருது. மனுஷன் செக் புக்க எடுத்து அந்தத் தொகைக்கு செக் எழுதிக் குடுத்துட்டு இன்னும் அஞ்சு நிமிஷம் வெளிச்சம் வாங்கினாரு. அஞ்சு நிமிஷம்! இந்த ஆளப் போய் காசுக்காக படம் எடுக்கிறவருன்னு சொல்றாங்க.

டாப் கன் எனக்கு ரொம்ப புடிச்ச படம்னு சொல்ல மாட்டேன். ஆனா அதுலயே ஒரு விஷயம் இருக்கு, பின்னாடி இவரோட எல்லா நல்ல படத்துலயும் அதுதான் ஓடுது, அதச் சொல்லத்தான் இந்தப் பதிவே. என்னன்னா, ஒருத்தன் கை நெறைய வேலையோட ஆபத்துல இருப்பான், இன்னொருத்தன் வேற எங்கயோ ஒரு ரூம்ல ஒக்காந்து மைக்லயோ போன்லயோ அவன்கிட்ட பேசிட்டு இருப்பான். ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரு ஒயரு, இல்லன்னா ஒரு சேட்டிலைட். இந்த செட்டப் கெடச்சா டோனி ஸ்காட்ட யாராலயும் அடிச்சுக்க முடியாது, அது இல்லாம காதல், பழிவாங்கல், பைத்தியக்கார ரசிகன்னு போன படமெல்லாம் பாதி கெணறுதான். லிஸ்ட் எடுத்து பாருங்க, கிட்டத்தட்ட சரியா வரும். ட்ரூ ரொமான்ஸும் மேன் ஆன் ஃபயரும் மட்டும் இதுல அடங்காது, அதுக்கு அப்புறம் வரேன்.

1987ல பெவர்லி ஹில்ஸ் காப் 2, நல்ல வசூல், எட்டி மர்ஃபி பேசிட்டே இருப்பாரு, விடுங்க. 1990ல டேஸ் ஆஃப் தண்டர், டாப் கன்ன அப்படியே கார் ரேஸுக்கு மாத்தின படம், டாம் க்ரூஸும் நிக்கோல் கிட்மனும் சேந்தது இதுலதான். ஆனா அதுலயும் பாருங்க, புடிக்கிற ஒரே விஷயம் ராபர்ட் டுவால் ட்ராக் ஓரமா நின்னுட்டு ஹெட்செட்ல க்ரூஸ் கிட்ட பேசுறதுதான், சுத்திலும் புகை, முன்னாடி ஒண்ணும் தெரியல, அந்தக் குரல நம்பி உள்ள பூந்து போறான். 1991ல த லாஸ்ட் பாய் ஸ்கவுட், ப்ரூஸ் வில்லிஸ், ஷேன் ப்ளாக் எழுதினது, கொட்டுற மழைல ஃபுட்பால் மேட்ச் நடுவுல ஒரு ப்ளேயர் துப்பாக்கி எடுக்கிற அந்த ஓப்பனிங் எல்லாம் வேற லெவல்.

ட்ரூ ரொமான்ஸ், 1993. டைரக்டர் டரான்டினோ பெரிய ஆளா ஆகுறதுக்கு முன்னாடி எழுதி வித்த ஸ்க்ரிப்ட். அவரு எழுதினது முன்ன பின்ன தாவுற கதை, டோனி அத நேர்கோட்டுல வச்சாரு. அதுக்கும் மேல, ஒரிஜினல்ல ஹீரோ செத்துடுவான், டோனிக்கு அந்தப் பையனையும் பொண்ணையும் ரொம்ப புடிச்சுப் போச்சு, சாகடிக்க மாட்டேன்னு மாத்திட்டாரு. டரான்டினோ முதல்ல சண்டை போட்டுட்டு, படத்தப் பாத்ததும் உங்க படத்துக்கு உங்க முடிவுதான் சரின்னு ஒத்துக்கிட்டாரு. கமர்ஷியல் டைரக்டர்னா முடிவ சந்தோஷமா மாத்துவான்னு கிண்டல் பண்றவங்க இதப் பாத்துட்டு வந்து பேசலாம். டென்னிஸ் ஹாப்பரும் க்ரிஸ்டஃபர் வாக்கனும் எதிர் எதிரா ஒக்காந்து பேசுற சீன், ஹாப்பருக்கு தான் சாகப் போறோம்னு தெரிஞ்சு போச்சு, அதனால ஒரு சிகரெட் கேட்டு வாங்கி நிதானமா பத்த வச்சுட்டு, எதிர்ல இருக்கிறவன எவ்ளோ அசிங்கப்படுத்த முடியுமோ அவ்ளோவும் சிரிச்சுட்டே பண்றாரு. விளம்பர டைரக்டர்னு சொன்னாங்களே, அந்த சீன்ல கேமரா வித்தை ஒண்ணுமே கெடையாது, ரெண்டு மூஞ்சி, கொஞ்சம் புகை, அவ்ளோதான். இவ்ளோ நடிகர்கள் இருந்தும் தியேட்டர்ல ஊத்திக்கிச்சு, வீடியோல வந்தப்புறம்தான் ஜனங்க கொண்டாடினாங்க.

கிரிம்சன் டைட் 1995. என்னக் கேட்டா மனுஷனோட முழுசான படம் இதுதான். அணு ஏவுகணை இருக்கிற சப்மரீன், கேப்டன் ஜீன் ஹேக்மேன், அடுத்த ஆஃபீசர் டென்சல் வாஷிங்டன். ஏவுகணைய விடுன்னு ஒரு உத்தரவு வந்துடுச்சு, அடுத்து இன்னொரு மெசேஜ் வர ஆரம்பிக்குது, பாதில ரேடியோ கட். பேப்பர்ல பாதி வரி மட்டும் இருக்கு. விடணும்ங்கிறாரு கேப்டன், மீதி மெசேஜ் வராம விடக்கூடாதுங்கிறாரு டென்சல். இங்க மைக்ல பேசுற ஆளையே டோனி புடுங்கிட்டாரு பாருங்க, குரல் வரல, அதான் மொத்தப் படமும். கீழ ரேடியோ ரூம்ல ஒரு சின்னப் பையன் சால்டரிங் வச்சுட்டு அதச் சரி பண்ணிட்டு இருப்பான், உலகம் அழியுமா அழியாதாங்கிறது அவன் கைல. நமக்கு வேர்க்கும்.

கேப்டனுக்கு எதிரா கலகம் பண்ற கதைங்கிறதால அமெரிக்கக் கடற்படை உதவி பண்ண மாட்டேன்னுடுச்சு. டாப் கன்னுக்கு கப்பலே குடுத்த அதே ஆளுங்க. இவரு விட்டாரா, பிரெஞ்சுக்காரங்க கிட்ட போய் அவங்க விமானம் தாங்கிக் கப்பல்ல எடுத்துக்கிட்டாரு. சப்மரீன் முங்குற ஷாட்டுக்கு இன்னும் கூத்து, பேர்ல் ஹார்பர்ல நெஜ யுஎஸ்எஸ் அலபாமா கெளம்புற நேரம் பாத்து படகுலயும் ஹெலிகாப்டர்லயும் பின்னாடியே போய், அது முங்குற வரைக்கும் ஷூட் பண்ணிட்டாங்க. படத்துல பேரும் அலபாமா, அதனால கச்சிதமா ஒட்டிக்கிச்சு. உள்ள எடுத்த செட்ட ஹைட்ராலிக்ல ஏத்தி சாய்ச்சாங்க, அதனாலதான் நடிகர்கள் நிக்கிறதே ஒரு தினுசா இருக்கும். ஹேன்ஸ் சிம்மர் இசைக்கு கிராமி கெடச்சுது.

அடுத்த வருஷம் த ஃபேன், டி நீரோ இருந்தும் ஒண்ணும் தேறல. 1998ல எனிமி ஆஃப் த ஸ்டேட். வில் ஸ்மித் ஒரு சாதாரண வக்கீல், அவருக்கே தெரியாம ஒரு கொலை வீடியோ அவரு பைல வந்து விழுது, என்எஸ்ஏங்கிற அமெரிக்க உளவு அமைப்பு மொத்தமும் தொரத்துது. சேட்டிலைட், போன் ஒட்டுக்கேட்பு, ஷூக்குள்ள ட்ராக்கர். அப்போ பாக்கும்போது இதெல்லாம் கொஞ்சம் ஓவர்தான்னு தோணும், 2013ல ஸ்னோடன் வந்து என்எஸ்ஏ ஒட்டுக்கேக்குற ஆவணங்கள வெளிய விட்டதுக்கு அப்புறம் பாத்தா படத்துல கம்மியா சொல்லியிருக்காங்களோன்னு இருக்கு. ஹேக்மேன் இதுல ஒட்டுக்கேட்பு நிபுணரா வராரு, 1974ல கப்போலாவோட 'த கான்வர்சேஷன்'ல அவரு பண்ண அதே தொழில். என்எஸ்ஏ ஃபைல்ல அவரோட சின்ன வயசு போட்டோன்னு ஒண்ணு காட்டுவாங்க, அது அந்தப் பழைய படத்துல இருந்தே எடுத்தது. புடிச்சவனுக்கு மட்டும் புரியுற மாதிரி ஒரு கண்ணடிப்பு.

2001ல ஸ்பை கேம். ராபர்ட் ரெட்ஃபோர்டுக்கு சிஐஏல கடைசி நாள், அவரு வளத்து விட்ட ப்ராட் பிட் சீன ஜெயில்ல மாட்டியிருக்கான். ரெட்ஃபோர்ட் ஆஃபீஸ விட்டு வெளியவே போகாம, மீட்டிங் ரூம்ல பெரிய ஆபீசர்களுக்கு பழைய கதை சொல்லிட்டே, இடைல வெளிய வந்து ஒரு போன் ஒரு ஃபேக்ஸ்னு அனுப்பி அவனக் காப்பாத்தப் பாக்குறாரு. துப்பாக்கிய ஒரு தடவ கூட தொடல. இப்பவும் என் டாப் மூணுல இது உண்டு. ரெண்டு பேரும் ஒரு மொட்டை மாடில ஒக்காந்து பேசுற சீன் ஒண்ணு, சும்மா பேச்சுதான், அத ஹெலிகாப்டர்ல சுத்திச் சுத்தி எடுத்திருப்பாரு. ஏன்னு கேட்டா பதில் இல்ல, ஆனா அந்தப் பேச்சுல ஒருத்தன ஒருத்தன் சுத்தி வளைக்கிறான்ல, கண்ணுக்கு அது தெரியுது.

இதுக்கு அப்புறம்தான் எல்லாரும் பொதுவா அமைதியாகுற வயசுல இவரு தலைகீழா போனாரு. 2004, மேன் ஆன் ஃபயர், அறுபது வயசு. ஏ.ஜே. குவின்னல் நாவல், இத்தாலில நடக்குற கதைய மெக்சிகோ சிட்டிக்கு மாத்தினாங்க. கையால சுத்துற பழைய மாடல் கேமரால எடுக்கிறாரு, ஃபிலிம வேணும்னே தப்பான கெமிக்கல்ல கழுவி கலர எரிய விடுறாரு, ஒரே ஃப்ரேம் மேல இன்னொண்ணு, சப்டைட்டில் கூட சும்மா கீழ நிக்காது, திரைல நடுவுல வரும், பெருசாகும், கத்துற வார்த்தைக்கு ஏத்த மாதிரி ஆடும், இங்கிலீஷ்ல பேசினா கூட எழுத்து வரும். டென்சல் குடிச்சு குடிச்சு உள்ள நொறுங்கிப் போன ஒரு பாடிகார்ட், அந்த ஆளு தலைக்குள்ள நாம இருக்கோம்னு தோணும்.

ஆனா நான் இந்தப் படத்துக்கு விழுந்தது அந்த வித்தைக்காக இல்ல. முதல் ஒரு மணி நேரம் துப்பாக்கியே கெடையாது கிட்டத்தட்ட. டக்கோட்டா ஃபேனிங், குட்டிப் பொண்ணு, நீச்சல்ல நல்லாத்தான் நீந்துறா ஆனா ஜெயிக்க மாட்டேங்குறா, ஏன்னா ஆரம்பிக்கிற துப்பாக்கிச் சத்தத்துக்கு ஒடம்பு ஒரு நொடி அதிர்ந்து போகுது. அத டென்சல்தான் கவனிக்கிறாரு. துப்பாக்கிச் சத்தம்னா என்னன்னு அவர விட யாருக்குத் தெரியும். அந்தச் சத்தம் உன்ன பயமுறுத்த வரல, உன்ன விடுதலை பண்ணத்தான் வருதுன்னு சொல்லிச் சொல்லி பழக்குறாரு. இந்த ஒரு மணி நேரத்த பொறுமையா கட்டினதாலதான் பின்னாடி அவரு ஊரையே கொளுத்தும்போது நாம கேள்வி கேக்காம கூடவே போறோம். இந்தப் படத்த வச்சு அடுத்த வருஷமே இந்தில அமிதாப் நடிச்சு 'ஏக் அஜ்னபி' வந்துச்சு, நம்ம ஊர்ல அர்ஜுன் நடிச்ச 'ஆணை'யும் இந்தக் கதை ஜாடைதான். ரெண்டுலயும் பழிவாங்கல் வந்துடுச்சு, நீச்சல் குளத்துல செலவழிச்ச அந்தப் பொறுமை வரல.

2005ல டொமினோ, கெய்ரா நைட்லி. மேன் ஆன் ஃபயர்ல போட்ட மசாலாவ பத்து மடங்கு கொட்டிட்டாரு, தலைவலிதான் மிச்சம். ஸ்டைல் ஓடுது, அது ஒட்டிக்க ஒரு ஆளு கதைல இல்ல. சில பேர் இத மாஸ்டர்பீஸ்னு எழுதுறாங்க, அவங்களுக்கு என் வணக்கம். 2006ல தேஜா வூ, நியூ ஆர்லீன்ஸ்ல, கட்ரீனா புயலால ஷூட்டிங் தள்ளிப் போய் அப்புறம் அதே ஊருக்குப் போய் எடுத்தாங்க. நாலே கால் நாள் பழைய காட்சிய ஒரு ஸ்க்ரீன்ல பாக்க முடியும்னு ஒரு மெஷின், டென்சல் அதுல செத்துப் போன ஒரு பொண்ண உயிரோட பாத்துட்டே இருக்காரு. லாஜிக் எல்லாம் கேக்கக் கூடாது. ஆனா ஒரு கார் சேஸ்ல, ஒரு கண்ணுல இன்னைக்கு ரோடு, இன்னொரு கண்ணுல நாலு நாள் முன்னாடி ரோடுன்னு ரெண்டையும் பாத்துட்டே ஓட்டுவாரு, அந்த மாதிரி ஒரு சேஸ் நான் வேற எதுலயும் பாக்கல.

கடைசி ரெண்டும் ரயில் படம். 2009ல த டேக்கிங் ஆஃப் பெல்ஹம் 123, நியூயார்க் சப்வே, கடத்தினவன் டிரவோல்டா, கண்ட்ரோல் ரூம்ல மைக் முன்னாடி டென்சல். அதுல டென்சல் லஞ்சப் புகார்ல பதவி எறக்கப்பட்ட ஆளு, தொப்பை, கண்ணாடி, அசிங்கமான ஒரு மஞ்சள் சட்டை. உயிர் போற நேரத்துல பொண்டாட்டி போன்ல வரும்போது பால் வாங்கிட்டு வாங்கன்னு சொல்லும். 1974ல வந்த பழைய படம் இத விட நல்ல படம், அதுல சந்தேகமே இல்ல, ஆனா அந்தப் பால் சமாச்சாரத்துக்காக இத நான் மன்னிச்சுட்டேன்.

2010ல அன்ஸ்டாப்பபிள். 2001 மே மாசம் ஓஹையோல நெஜமா நடந்தது, 47 பெட்டியோட ஒரு சரக்கு ரயில் ட்ரைவர் இல்லாம 100 கிலோமீட்டருக்கு மேல ஓடுச்சு, ரெண்டு பெட்டில ஃபீனால்ங்கிற ஆபத்தான கெமிக்கல் வேற. யார்டுக்குள்ள மெதுவா போயிட்டு இருக்கும்போது தண்டவாளத்துல பாயிண்ட் மாத்த ட்ரைவர் கீழ குதிச்சாரு, ப்ரேக் போட்டாச்சுன்னு நெனச்சது ப்ரேக் இல்ல, வேகம் கூடிப் போச்சு, திரும்ப ஏற முடியல. கடைசில இன்னொரு எஞ்சின் பின்னாடி போய் கொக்கி போட்டு இழுத்து வேகத்தக் கொறச்சாங்க. படத்துல வில்லன் கெடையாது, பாம் கெடையாது. டென்சலுக்கு கட்டாய ரிட்டயர்மென்ட் லெட்டர் வந்தாச்சு, க்ரிஸ் பைன் புதுசா சேந்தவன், ரொசாரியோ டாசன் கண்ட்ரோல் ரூம்ல ரேடியோவோட. பெரிய ஆபீசருங்க ஏசி ரூம்ல ஷேர் வெல எவ்ளோ கொறையும்னு கணக்கு போடுறாங்க, ஓடுற ரயில் மேல ஏறுறவன் வேலை போகப் போறவன். அமெரிக்கத் தொழிலாளி பத்தி இவ்ளோ கோவமா, ஆனா ஒரு இடத்துல கூட பிரசங்கம் பண்ணாம ஒரு மசாலா படம் சொல்லிட்டுப் போச்சு.

அதுதான் கடைசி. 2012 ஆகஸ்ட் 19ஆம் தேதி லாஸ் ஏஞ்சலஸ்ல தன் உயிர தானே முடிச்சுக்கிட்டாரு, 68 வயசு. டாம் க்ரூஸோட டாப் கன் ரெண்டாவது பாகத்துக்கு பேச்சு நடந்துட்டு இருந்த சமயம் அது. அந்தப் படம் 2022ல வேற டைரக்டர் எடுத்து வந்தப்போ இவருக்குத்தான் சமர்ப்பணம் பண்ணாங்க. ஆஸ்கர்ல ஒரு நாமினேஷன் கூட வாழ்க்கைல வாங்கல.

புதுசா ஆரம்பிக்கிறவங்க கிரிம்சன் டைட், ஸ்பை கேம், அன்ஸ்டாப்பபிள் இந்த வரிசைல பாருங்க, புடிச்சா ட்ரூ ரொமான்ஸ். அப்புறம் 1990ல ரிவெஞ்ச்னு ஒண்ணு, கெவின் காஸ்ட்னர், ஆந்தனி க்வின், அத மேல சொல்லவே மறந்துட்டேன். அதப் பாக்குறதா இருந்தா 2007ல வந்த டைரக்டர்ஸ் கட்ட, அதாவது டைரக்டரே தன் இஷ்டப்படி திரும்ப எடிட் பண்ண வெர்ஷன, தேடிப் புடிங்க. மத்த டைரக்டருங்க டைரக்டர்ஸ் கட்னு சொன்னாலே அரை மணி நேரம் கூட்டுவாங்க, இவரு தியேட்டர்ல வந்ததுல இருந்து இருபது நிமிஷத்துக்கு மேல வெட்டித் தூக்கிப் போட்டுட்டாரு.